நாய் வருவதற்கு முன் பிடித்த கயிறு

நம் வயதுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் சிறுசுகளாக இருந்த காலத்தில் நாய் வளர்க்கலாமா வேண்டாமா என்று யாரும் யோசித்ததில்லை. ஒரு நாய் எங்கிருந்தோ வந்து வாசலில் படுக்கும். இரண்டு நாள் விரட்டுவார்கள். மூன்றாம் நாள் மீந்த சோற்றைப் போடுவார்கள். அவ்வளவுதான், அது நம் நாய். இப்போது என் மகன் வீட்டில் மூன்று மாதமாகப் பேசுகிறார்கள். யார் நடக்கக் கூட்டிக்கொண்டு போவது, ஊருக்குப் போனால் எங்கே விடுவது என்று. நான் வாய் திறப்பதில்லை. அந்தக் காலத்திலேயே ஒரு நாய்க்காக ஒரு மாதத்துக்கு மேல் யோசித்த ஆள் நான் ஒருத்திதான் இருப்பேன். அதை எழுதி வைக்கிறேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட கை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ரயில்வே கேட் கீப்பர். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே போகிற தண்டவாளத்தில், கட்டை வண்டிப் பாதை குறுக்கே போகும் இடத்தில் எங்கள் கேட். இப்போது அந்தப் பக்கம் பார்த்தால் கம்பெனிச் சுவரும் லாரியும்தான். அன்றைக்கு ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் பனை. நடுவில் ஒற்றை அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட எங்கள் வீடு. சுவரில் ஒரு மரப்பெட்டி போன். ஸ்டேஷனில் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் பெட்டியில் மணி அடிக்கும். அப்பா காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நோட்டில் எழுதிவிட்டு, கொடிகளை எடுத்துக்கொண்டு கேட்டை மூடப் போவார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவர் டூட்டி. அதற்குப் பிறகு வேறு ஆள் வருவார்.

வெயில் ஏறினால் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டைகளிலிருந்து தார் வாசனை வரும். எங்கள் சோற்றிலும் துணியிலும் அந்த வாசனை இருந்தது. கல்யாணமாகிப் போன பிறகுதான் சோற்றுக்கு அந்த வாசனை கிடையாது என்று எனக்குத் தெரிந்தது.

நான் பயந்த பிள்ளை. இருட்டு, பேய் என்றெல்லாம் இல்லை. என்ன ஆகிவிடுமோ என்ற பயம். அப்பா கேட்டைப் பூட்டியிருப்பாரா, சாவி விழுந்திருக்குமா, அம்மா அடுப்பை அணைத்தாளா. ஒரே விஷயத்தை மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். அம்மா, "இதுங்கூடப் பொறந்தது கவல" என்பாள். இன்றைக்கும் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை பார்க்கிறேன்.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது அம்மா பிரசவத்துக்குத் திருநின்றவூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனாள். ஆடி பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் நானும் அப்பாவும். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். தெலுங்கு நாடு கூப்பிடு தூரத்தில் இருந்ததால் எங்கள் பக்கத் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். காலையில் கஞ்சி வைத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன். ஒன்றரை மைல். மாலையில் வந்து சோறு ஆக்குவேன். மத்தியானத்துக்கு அப்பா பழையதைக் குடித்துக்கொள்வார்.

அப்போதுதான் கீமேன் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தார். கீமேன் என்றால், தண்டவாளத்தை இறுக்கியிருக்கும் ஆப்புகள் கழன்றிருக்கின்றனவா என்று தினமும் நடந்தே பார்த்துப் போகிறவர். தோளில் நீளக் காம்பு போட்ட சுத்தியல். ஆரம்பாக்கத்துக்காரர், பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். எங்கள் வீட்டில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே நடப்பார். லைன் வேலை பார்க்கிற ஆட்கள் தங்கும் குடிசையைக் கேங் குடிசை என்பார்கள்.

"எங்க கேங் குடிசையில நாய் குட்டி போட்டுக்கீது பாப்பா. நாலு. ஒண்ணு செவல. உனக்கு வேணுமா? வேணும்னா சொல்லு, ஒதுக்கி வைக்கிறேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். எந்த நாயும் எங்கள் வாசலில் வந்து படுத்ததில்லை. ரயில் சத்தத்துக்குப் பயந்து எங்கள் பக்கமே எட்டிப் பார்க்காது. எனக்கோ ஆள் துணை இல்லாத இடம். ஆசையாக இருந்தது. அதே நொடியில் பயமும் வந்துவிட்டது. அது கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நாம் கடிபட்டாலாவது ஆஸ்பத்திரி இருக்கிறது. அது வண்டியில் மாட்டிக்கொண்டால்?

அப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று நேராகச் சொல்ல வராது. சுற்றி வளைப்பார்.

"நாய் வளக்குறது லேசில்ல. வண்டி வரும்போது அத எவன் புடிப்பான்? நான் கொடியப் புடிப்பனா, நாயப் புடிப்பனா?"

"நான் புடிக்கிறேன் நைனா."

"எல்லா வண்டிக்குமா?"

"எல்லா வண்டிக்கும்."

"அப்டின்னா ஒரு மாசம் வெறுங்கயித்தப் புடிச்சிக் காட்டு. ஒரு வண்டிகூட வுடக்கூடாது. அப்பால நாய் வரட்டும்."

கீமேன் சிரித்துவிட்டார். "நல்ல பரீச்சைதான் இது!" என்று சுத்தியலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். குட்டிகளும் ஒரு மாதம் தாயிடம் பால் குடிக்க வேண்டும், எனவே கணக்கு சரியாக வந்தது. அப்பா மூன்றாம் நாளே நான் மறந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். இன்றைக்கு யோசித்தால் தெரிகிறது. பெற்ற பிள்ளையின் சுபாவம் அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் பின்னால் பழைய ரயில் கட்டை ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. அறுந்த கிணற்றுக் கயிற்றின் துண்டை அதில் கட்டினேன். போனில் மணி அடித்தவுடன் ஓடிப்போய்க் கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். முதலில் உள்ளங்காலில் தெரியும். மண் லேசாக நடுங்கும். பிறகுதான் சத்தம். பிறகு கரி வாசனை, சூடான காற்று. கடைசிப் பெட்டியான கார்டு வண்டி தாண்டும்வரை விடக்கூடாது. இது நான் வைத்துக்கொண்ட சட்டம். அப்பா அவ்வளவு சொல்லவில்லை. இருட்டினால் நாய் வீட்டுக்குள் படுக்கும் என்பதால் ராத்திரி வண்டிகள் கணக்கில் இல்லை.

சந்தேகம் வந்தால் கேட்பேன்.

"நைனா, இன்ஸ்பெக்டரு டிராலில போறாரே, அதுக்கும் புடிக்கணுமா?"

"புடி, புடி. அதுவும் வண்டிதானே" என்பார், பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே.

சுவரில் கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு. முதல் இரண்டு நாள் சனி, ஞாயிறு. இரண்டு கோடு விழுந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் விசில் கேட்டது. கூட்ஸ் வண்டி. அங்கே கயிறு சும்மா கிடக்கிறது. நாய் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன? இருந்திருந்தால்?

அன்று மாலை இரண்டு கோட்டையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"இன்னிக்கு நாலு வண்டி வுட்டுட்டேன் நைனா. பள்ளிக்கூடத்துல இருந்தேன். நாளைலேர்ந்து மறுபடி ஒண்ணு."

அப்பா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "ஆமா பின்ன. நீ பள்ளிக்கூடத்துல குந்திக்கினு இருந்தா நாய் அப்ப இன்னா பண்ணும்?" என்றார்.

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் நான் பகலெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த கேள்வியை அவர் வாயால் கேட்டதும் எனக்கு முடிவாகிவிட்டது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் மத்தியானம் சூடாகச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அப்பா முன் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "வயிறு தேவலயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அதையும் கேட்கவில்லை.

மெயிலுக்கும் பாசஞ்சருக்கும் நேரம் உண்டு. கூட்ஸ் வண்டிக்கு நேரம் கிடையாது. அதனால் கிணற்றுக்குப் போனாலும் காது போன்பெட்டியில் இருக்கும். குளிக்கும்போது மணி அடித்து, ஈரப் பாவாடையோடு போய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். தினமும் கீமேன் வரும்போது அவரைப் பிடித்துக்கொள்வேன். மாமா, அது பால் குடிக்கிறதா? மாமா, மற்ற குட்டிகள் அதைத் தள்ளிவிடுகின்றனவா? காகம் கொத்துமா? மழை வந்தால் குடிசை ஒழுகுமா? "அய்யோ அம்மா, இந்த பாப்பாகிட்ட மாட்டிக்கினா நான் இன்ஸ்பெக்டர்கிட்டயே மாட்டிக்கலாம்" என்பார். ஆனால் பதில் சொல்லாமல் போனதில்லை. "இன்னிக்குக் கண்ணு தொறந்துச்சி." "இன்னிக்கு என் செருப்பக் கடிச்சிச்சி." உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று அடிக்கடி சொல்வார். அந்தக் குட்டியை வேறு யாரும் கேட்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரத்து ஊர்களிலிருந்து பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிற மாட்டு வண்டிகள் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகும். மஞ்சள் துணி, வேப்பிலை, கூண்டில் கோழி. கேட் மூடியிருந்தால் பத்து வண்டி வரிசையாக நிற்கும். அப்படி நின்ற ஒரு வண்டியிலிருந்து ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, கயித்த இந்தப் புடி புடிச்சிக்கினு கீற? அந்தாண்ட ஒண்ணையும் காணோமே?"

"நாய்க்கு."

"நாய் எங்க?"

"இன்னும் வரல. இப்பதான் கண்ணு தொறந்துக்கீது."

சிரிப்பில் வண்டியே குலுங்கிற்று. வண்டிக்காரன் அப்பாவைக் கூப்பிட்டான். "யோவ் கேட்டு! உன் பொண்ணு காத்தக் கட்டிப் போட்டுக்கினு கீதுயா!"

"அவுத்து வுட்டா உன் மாடு மெரண்டுடும். பரவால்லியா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என் காது சுட்டது. ஆனால் அப்போது கூட்ஸின் பாதிதான் தாண்டியிருந்தது. கையை எடுக்கவில்லை.

சுவரில் பதினேழு கோடு ஆனபோது வாத்தியார் வந்தார். சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போகிறவர். கேட் மூடியிருந்ததால் ஒரு காலை ஊன்றி நின்றார். நான் அவரைப் பார்த்தேன். ஓட முடியாது, வண்டி வருகிறது.

வண்டி போன பிறகு பக்கத்தில் வந்தார். "ஒடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களே. நீ இங்க இன்னாம்மா பண்ற?"

நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவிடம் போனார்.

"இது நல்லாக் கணக்குப் போடற பொண்ணுங்க. வர திங்கக்கிழம வரலைன்னா பேரை எடுத்துடுவாங்க. என்னால அதுக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அனுப்பறேன் சார். வெளாட்டுக்குச் சொன்னேன் சார். இது நெசம்னு எடுத்துக்கினு நிக்கிது."

வாத்தியார் போகும்வரை எனக்கு வெளாட்டு என்ற அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது.

"நைனா, அப்ப நாய் வராதா?"

"வரும், வரும். நான் இல்லன்னா சொன்னேன்?"

"அப்ப எது வெளாட்டு?"

அப்பா கேட் சங்கிலியை இரண்டு தடவை சரி பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாளும் யோசித்தேன். யோசித்தேன் என்றால் பெரியவர்கள் யோசிப்பதைப் போல அல்ல. வயிற்றில் ஒரு கல் இருக்கும், அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். பள்ளிக்கூடம் பிடிக்காமல் இல்லை. கணக்குப் பிடிக்கும். என் சிலேட்டுக்கு மரச்சட்டம் போட்டு அப்பா சிவப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார், கொடிக்கம்புக்கு அடித்த பெயின்டில் மிச்சம். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வாத்தியாரும் இருக்கிறார். நான் போகாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் குட்டிக்கு என்னை விட்டால் யார்? இந்தக் கணக்கைத்தான் போட்டேன். எனக்கு என்ன ஆகும் என்பதை அதில் சேர்க்கவில்லை. பத்து வயதில் அது தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை அப்பா, "கௌம்பு" என்றார்.

"இன்னும் பத்து நாள் கீது நைனா."

"பத்து நாளாவது பதினஞ்சு நாளாவது. போன்னா போ."

"போனா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆவும். நாய் வரும்போது நான் தயாரா இருக்க மாட்டேன். செத்துடும்."

அப்பா அடிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு ஒரு அடி போட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. வாயைத் திறந்தார். போனில் மணி அடித்தது. கொடியை எடுத்துக்கொண்டு அவர் கேட்டுக்குப் போனார், நான் கட்டைக்குப் போனேன். வண்டி தாண்டிய பிறகு அவர் என்னைப் பார்க்காமல் உள்ளே போய் நோட்டை எழுதினார். அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். மத்தியானச் சோற்றையும் நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்குச் சூடான சோறு பெரிய விஷயம்.

முப்பதாம் கோடு போட்ட மறுநாள், கீமேன் தோள்பையிலிருந்து ஸ்பானரை எடுத்து வெளியே வைத்தார். பிறகு கையை ஆழமாக விட்டுக் குட்டியை எடுத்தார். செவலை. வயிறு மட்டும் வெள்ளை. ஒரு காது நிமிர்ந்திருந்தது, ஒன்று மடிந்திருந்தது. அதன் உடம்பிலும் எங்கள் வீட்டைப் போலத் தார் வாசனை.

"இந்தா. பரீச்சை பாஸு."

கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டினேன். இரண்டு விரல் நுழைகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். உடனே மணி அடித்தது. மெயில். கயிற்றைச் சுருட்டி முழங்கை வரை சுற்றிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். மண் அதிர்ந்தது, சத்தம் வந்தது, காற்று பாவாடையைத் தூக்கியது. கயிறு வெடுக்கென்று இழுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இழுக்கவில்லை. மெயில் போய்விட்டது. கண்ணைத் திறந்தால், குட்டி கட்டைமேல் மோவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

செத்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். வயிறு ஏறி இறங்கியது.

கீமேன் சொம்பைக் கீழே வைத்தார். "அதுக்கு இன்னா பாப்பா பயம்? பொறந்ததே லைன் பக்கத்துல. குடிசைக்கும் தண்டவாளத்துக்கும் நாலு முழம் இருக்காது. கண்ணு தொறக்கறதுக்கு முன்னாடியே மெயிலு சத்தம் கேட்டது அது. அதோட அம்மாக்காரி வண்டி வந்தா எழுந்துகூடப் பாக்க மாட்டா."

"முன்னாடியே சொல்லக்கூடாதா மாமா?"

"நீ ஆயிரம் கேட்ட. இத மட்டும் கேக்கலியே."

அவர் சொன்னது சரி. காகம் கொத்துமா என்று கேட்ட நான் அதைக் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ரயில்வேயில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு, லைன் ஓரத்துக் குட்டி லைனுக்குப் பயப்படாது, அதன் குறுக்கேயும் போகாது என்று தோன்றவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வாரம் கயிற்றைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அது பதினோரு வருஷம் இருந்தது. ஒரு வண்டியும் அதைத் தொடவில்லை.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் வந்தாள். நாயைப் பார்த்தாள். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்த்திருந்தது.

"பள்ளிக்கூடம் போறியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அது போதும் அம்மாவுக்கு.

"ஏன்யா, இதப் பத்தி எனக்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரலியா?"

"வெளாட்டாத்தான் சொன்னேன்..."

"எது வெளாட்டு? நீ போடற கார்டக்கூட நான் பக்கத்து ஊட்டுப் பையனக் கூப்ட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினு கீறேன். நீ நாலு எழுத்துல எழுதறத அவன் தெரு பூரா கேக்கப் படிக்கிறான். எம் பொண்ணும் அப்டி நிக்கணுமா?"

அன்று அம்மா உலை வைக்கவில்லை. மறுநாள் தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தாள். பேர் எடுத்தாகிவிட்டது, ஜூனில் வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஜூன், ஜூன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மழைக்காலம் போயிற்று, பனி போயிற்று. எனக்குப் புதுப் பாவாடை தைத்து வைத்தாள்.

ஜூன் வந்தது. அன்று காலை அம்மா எனக்கு எண்ணெய் வைத்து வாரி, இரட்டைச் சடை போட்டு, சிவப்பு நாடா கட்டினாள். நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா சோறு வடித்துவிட்டு வருகிறேன் என்றாள். தம்பிக்குப் பத்து மாதம், தவழ்கிற வேகத்தில் பாயில் தங்க மாட்டான். போனில் மணி அடித்தது. அப்பா கேட்டுக்குப் போனார். நாய் வேப்ப மரத்தடியில் தலையைக்கூடத் தூக்கவில்லை. தம்பிக்கு மட்டும் அந்த மணி என்றால் உயிர். சிரித்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டி, தண்டவாளத்து ஜல்லிக்கல்லைப் பார்த்து வேகமாகப் போனான்.

அம்மா கொதிக்கிற பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள், விட முடியாது. "ஏய், புடிடீ!" என்று கத்தினாள்.

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். சரிவில் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கூட்ஸ் வண்டி. நீளமான வண்டி. கார்டு வண்டி தாண்டும்வரை நின்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கீழே கிடந்த பையைப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்தாள். அந்த நாளில் இன்னும் ஐந்தோ ஆறோ வண்டி பாக்கி இருந்தது. என் சடையில் அவிழ்ந்திருந்த நாடாவை எடுத்து மறுபடி கட்டிவிட்டாள், ரொம்ப நேரம் எடுத்துக் கட்டினாள். தம்பியை மட்டும் என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.